குடிலைப் பிரித்த பிறகு: வாசகர் கேள்வி – பதில்

டிசம்பரில் எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் கேக்குக்கு ரவையை எவ்வளவு நேரம் வறுப்பது, கஜு விலைக்கு என்ன மாற்று என்ற வகைதான். தை பிறந்ததும் தொனி மாறிவிடும். இந்த முறை நத்தார் (கிறிஸ்மஸ்) முடிந்த கையோடு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பண்டிகை போன பிறகு நம் விசுவாசம் என்ன ஆகிறது என்ற ஒரே விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததால், இந்த இதழை அதற்கே விட்டுவிட்டேன். சமையல் கேள்வி கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: டீச்சர், டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து எங்கள் வீடு கோயிலும் கரோலுமாகத்தான் இருந்தது. நள்ளிரவுப் பூசைக்கு நிற்கக்கூட இடமில்லை. ஜனவரியில் போய்ப் பார்த்தால் பின்வாங்குகள் எல்லாம் வெறுமை. என் பதினான்கு வயது மகள், "அம்மா, நாங்கள் சீசன் கிறிஸ்தவர்களா?" என்று கேட்டுவிட்டாள். என்ன பதில் சொல்வது?*
– வாசகி, வெள்ளவத்தை

ஆமாம் என்று சொல்லுங்கள். பதினான்கு வயதுப் பிள்ளையிடம் மழுப்பினால் அது அம்மாவை மட்டுமல்ல, அம்மா கும்பிடுகிறவரையும் சேர்த்துச் சந்தேகப்படும்.

கோயில் நாட்காட்டியை அவளோடு உட்கார்ந்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 25ஆம் திகதி பாலன் பிறக்கிறார். 26ஆம் திகதி ஸ்தேவான், கல்லெறிந்து கொல்லப்பட்டவர். 28ஆம் திகதி ஏரோது கொன்ற பெத்லகேம் குழந்தைகள். நமக்குக் கேக் செரிப்பதற்குக்கூட ஒரு நாள் தராமல் இப்படி அடுக்கி வைத்திருக்கிறார்கள் பழைய ஆட்கள். அன்றைக்கு நாமோ மிச்சக் கோழிக்கறியைச் சூடாக்கிக்கொண்டு டி.வி. பார்க்கிறோம்.

இன்னொன்று. இயேசு ஊழியத்தைத் தொடங்கியபோது ஏறக்குறைய முப்பது வயது என்று லூக்கா எழுதுகிறார். பிறந்த கதைக்கும் அதற்கும் நடுவில், பன்னிரண்டு வயதில் எருசலேம் ஆலயத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தைத் தவிர, பிள்ளை வளர்ந்தார், பெற்றோருக்குக் கீழ்ப்படிந்திருந்தார் என்று இரண்டு மூன்று வரிகளில் கதை முடிந்துவிடுகிறது. நட்சத்திரமும் இல்லை, வானதூதர் பாட்டும் இல்லை, நாசரேத்தில் தச்சுப்பட்டறை. முப்பது வருஷமும் ஜனவரி மாதம் மாதிரி. நம்முடைய விசுவாசத்துக்கும் பெரும்பாலும் அந்த மாதிரி நாட்கள்தான் கிடைக்கின்றன, அதைத்தான் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, என் கதையையும் சொல்கிறேன், உங்கள் மகளுக்கு வேண்டுமானால் வாசித்துக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் பதினொரு வருஷம் சமைத்தவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்தைச் சேர்ந்தவர். நத்தாருக்கு நத்தார் புதுச் சேலை, ஒரு பெட்டி கேக், பஸ் காசு எல்லாம் கொடுத்துவிடுவேன், கொடுத்துவிட்டேன் என்ற நிம்மதியும் எனக்கு நிறைய உண்டு. ஒரு வருஷம் ஜனவரி முதல் வாரத்தில் எனக்குத் தடிமன். கொத்தமல்லி அவித்துக் கொண்டு வந்து நீட்டினார். கோப்பையைப் பிடித்திருந்த பெருவிரலில் ஒரு பழைய சீத்தைத் துண்டு சுற்றியிருந்தது, ஓரம் மஞ்சளாய்க் கிடந்தது. என்ன இது என்றேன். கொக்கிஸ் பலகாரம் சுடும்போது எண்ணெய் தெறித்தது என்றார். கொக்கிஸ் சுட்டது 23ஆம் திகதி. அந்தப் பதினைந்து நாளும் மூன்று வேளையும் அந்தக் கையால்தான் எனக்குச் சோறு வந்தது, அதற்குள் நான் நாலு தரம் கோயிலுக்கும் போய் வந்திருந்தேன்.

மருந்து போட்டுவிட்டேன், அது பெரிய விஷயமில்லை. நான் பார்க்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: உங்கள் தொடர்மாடியில் குப்பை எடுக்க வருகிறவருடைய பெயர் என்ன? தெரியாது என்றால் திட்ட வேண்டாம், போன வருஷம் வரைக்கும் எனக்கும் தெரியாது. நாளைக் காலையில் இருவருமாகப் போய்க் கேட்டு வாருங்கள்.

*கேள்வி: பெட்டாவில் எனக்கொரு புடவைக் கடை, ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு நத்தாருக்கும் கையில் காசும் சம்பா அரிசி, சீனி, பால்மா போட்ட பொதியும் கொடுக்கிறேன், வேற்று மதப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். படித்துவிட்டு வந்த மகன், "ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டாமல் பொதி கொடுப்பது என்ன கிறிஸ்தவம், அப்பா?" என்கிறான். எல்லாக் கடையிலும் இப்படித்தானே நடக்கிறது?*
– வாசகர், கொழும்பு 11

முதலில் உங்கள் மகனுக்கு என் பேரில் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுங்கள்.

கணக்கைப் போடுவோம், நீங்கள் வியாபாரி, உங்களுக்கு அதுதான் விளங்கும். ஒரு பிள்ளைக்கு மாதம் 50,000 ரூபா சம்பளம் என்று வையுங்கள். ஈ.பி.எஃப்.க்கு உங்கள் பங்கு 12 வீதம், 6,000 ரூபா. ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம், 1,500. ஆக மாதம் 7,500, வருஷம் 90,000. (அந்தப் பிள்ளையின் சம்பளத்திலிருந்து கழித்துக் கட்டும் 8 வீதம் இதில் சேராது.) நீங்கள் கொடுக்கும் காசும் பொதியும் எவ்வளவு வரும் என்று எனக்கு எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. மிச்சம் யாருடைய காசு, அது இப்போது யாருடைய லாச்சிக்குள் கிடக்கிறது என்பதுதான் உங்கள் மகனின் கேள்வி. ஈ.பி.எஃப். சட்டம் 1958இல் வந்தது, எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயது, ஆகவே தெரியாது என்று ஒருவரும் சொல்ல முடியாது.

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் ஆட்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அவர் சொன்ன பதிலைப் பாருங்கள். உபவாசம் இரு, ஆலயத்துக்குக் கொடு என்று ஒன்றும் சொல்லவில்லை. வரி வாங்குகிறவனிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகனிடம், ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதே, உன் சம்பளம் உனக்குப் போதும் என்றார். வேலையை விடச் சொல்லவில்லை, வேலையைச் சரியாகச் செய்யச் சொன்னார். மெசியா வருகிறார், வழியை ஆயத்தம் பண்ணுங்கள் என்று தொடங்கிய பிரசங்கம் கடைசியில் சம்பளத்தில் வந்து நிற்கிறது. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கோயிலில் இதை வாசிக்கும்போது நாமெல்லாம் கேக் ஓடரை நினைத்துக்கொண்டிருப்போம், அதுதான் காதில் விழுவதில்லை. யாக்கோபின் நிருபத்தில் இன்னும் கடுமையாக இருக்கிறது: பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறதாம். வேலைக்காரர் கூக்குரலிடுகிறார்கள் என்பது அடுத்த வரி, முதலில் கத்துவது கூலிதான்.

எல்லாக் கடையிலும் இப்படி இல்லை. உங்கள் தெருவிலேயே ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் இருப்பார்கள், விளம்பரம் போடாததால் உங்களுக்குத் தெரியாது. இந்த மாதமே பதிந்து கட்டத் தொடங்குங்கள். பழைய பாக்கிக்கு, கணக்காளரையும் கூட்டிக்கொண்டு நீங்களாகவே தொழில் திணைக்களத்துக்குப் போய்ப் பேசுங்கள். பிந்திய காசுக்கு மேலதிகமாக அறவிடுவார்கள், வலிக்கும். வேதத்தில் வரி வாங்குகிற சகேயு, அநியாயமாய் எடுத்ததை நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கிறேன் என்றானே, உங்களிடம் அவ்வளவு கேட்கமாட்டார்கள்.

பொதியை நிறுத்த வேண்டாம், தொடர்ந்து கொடுங்கள். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். பொதி வாங்கும்போது பிள்ளைகள் தலையைக் குனிந்து, "தேங்க்ஸ் முதலாளி" என்கிறார்கள் அல்லவா, ஈ.பி.எஃப். கட்டினால் ஒருவரும் குனியமாட்டார்கள், நன்றியும் வராது. அது கொஞ்சம் கசக்கும்.

*கேள்வி: டிசம்பர் 25 இயேசு பிறந்த நாளே இல்லை, வேதத்தில் அப்படி ஒரு திகதியே கிடையாது. எங்கள் சபையில் கொண்டாடுவதில்லை. கொண்டாடுவது விக்கிரக ஆராதனைக்குச் சமம் என்று ஒரு நண்பனிடம் சொன்னதற்கு என்னோடு கோபம். உண்மையைச் சொன்னது பிழையா?*
– இளைஞர், வத்தளை

திகதி வேதத்தில் இல்லை, சரிதான். ரோமில் 336ஆம் ஆண்டளவில்தான் டிசம்பர் 25 ஒரு குறிப்பில் தெளிவாகத் தெரிகிறது. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒன்றாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதிலே நிச்சயித்திருக்கட்டும் என்று பவுல் ரோமருக்கு எழுதி விட்டுவிட்டார். நீங்களும் விட்டுவிடலாம்.

ஆனால் தம்பி, திகதியைப் பற்றி மூன்று பக்கம் எழுதிய நீங்கள் 25ஆம் திகதி என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. கொண்டாடாதவர்களுக்கு அன்றைக்கு அருமையான வேலை ஒன்று இருக்கிறது: வேலைத்தலத்தில் கொண்டாடுகிற ஒருவருடைய ஷிஃப்டை வாங்கிக்கொள்வது. அடுத்த நத்தாருக்கு அந்த நண்பனுடையதைக் கேளுங்கள். கோபமும் தீர்ந்துவிடும்.

*கேள்வி: அம்மாவின் வீட்டு உறுதி (பத்திரம்) விஷயமாக அண்ணாவோடு நான் கதைத்து நாலு வருஷம். ஆனாலும் நத்தாருக்குக் கேக் அனுப்புவேன், அவரும் அனுப்புவார், இரண்டும் டிரைவர் கையில்தான். பூசையில் சமாதானம் சொல்லும்போது இரண்டு வாங்கு தள்ளித்தான் நிற்பார், நான் மற்றப் பக்கம் திரும்பிக் கைகூப்புவேன். நான் கேக் அனுப்புவது போதாதா?*
– வாசகி, கொட்டாஞ்சேனை

உங்கள் கேக்கும் அவருடைய கேக்கும் ஆமர் வீதிச் சந்தியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு போயிருக்கும். அவை இரண்டுக்காவது சமாதானம்.

காணிக்கையைப் பீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயுவில் இருப்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள். அதில் நாம் கவனிக்காமல் தாண்டும் ஓர் இடம் உண்டு. உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அது சொல்லவில்லை, அவனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் என்கிறது. யார் சரி, யார் பிழை என்ற விசாரணை அங்கே நடக்கவேயில்லை. அவருக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் இருப்பது உங்களுக்கு நினைவு வந்துவிட்டதா, அப்படியானால் நடக்க வேண்டியது நீங்கள்.

உறுதியை விட்டுக்கொடுக்கச் சொல்கிறேன் என்று பயப்பட வேண்டாம். உங்கள் பங்கு உங்கள் பங்கு, சட்டத்தரணி அவர் வேலையைப் பார்க்கட்டும். வழக்கு நடக்க நடக்கவே அண்ணாவின் வீட்டில் தேநீர் குடித்த தங்கச்சிமாரை எனக்குத் தெரியும்.

எப்போது போவது? நத்தாருக்குப் போக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அன்றைக்கு எல்லோரும் நல்ல உடுப்புப் போட்டு நல்லவர்களாக இருப்பார்கள், அவர் சிரிப்பது உங்களுக்காகவா வீட்டில் நிற்கும் விருந்தாளிக்காகவா என்று விளங்காது. சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். அன்றைக்கு எப்படியும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவீர்கள்தானே, திரும்பி வரும் வழியில் ஏறுங்கள். கேக் வேண்டாம், கையில் ஒன்றும் வேண்டாம். சீனி வருத்தம் எப்படி என்று கேளுங்கள். உறுதியைப் பற்றி அவர் தொடங்கினால், இன்றைக்கு வேண்டாம் அண்ணா என்று சொல்லுங்கள். கதவைத் திறக்காவிட்டால்? அடுத்த செவ்வாய் இருக்கிறது.

*கேள்வி: எங்கள் தொடர்மாடியில் பக்கத்து வீட்டு மாமி தைப்பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்து தந்தார். நத்தாருக்கு எங்கள் கேக்கை வாங்கிச் சாப்பிட்டவர். எங்கள் பாஸ்டர் சாப்பிடக் கூடாது என்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும்?*
– வாசகி, தெஹிவளை

என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அதிலிருந்தே ஊகிக்க முடிகிறது.

கொரிந்துவில் இதே பிரச்சினைதான் இருந்தது. பவுலின் பதில் இரண்டு பக்கமும் போகும்: அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால் முன்னே வைத்ததை ஒன்றும் விசாரியாமல் சாப்பிடு என்கிறார், இது விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காகச் சாப்பிடாதே என்றும் சொல்கிறார். உங்கள் பாஸ்டர் இரண்டாவது வரியைப் பிடித்திருக்கிறார், அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நான் முதல் வரிக்காரி. புது அரிசியைப் பொங்கிச் சூரியனுக்கு நன்றி சொன்னவர், அதில் ஒரு பங்கை நம் கதவுக்குக் கொண்டு வருகிறார் என்றால் அந்த அன்பை நான் வேறு பெயரால் கூப்பிடமாட்டேன். கொச்சிக்கடைக்கு இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு வருகிறார்கள், வாசலில் நின்று நீ எந்த மதம் என்று ஒருவரும் கேட்பதில்லை. (உங்கள் பாஸ்டர் அந்தோனியாரையே ஏற்கமாட்டார், அது வேறு கதை.)

சாப்பிட முடியாது என்று உங்கள் மனம் சொன்னால் சாப்பிட வேண்டாம். ஆனால் அதை மாமியின் முகத்தைப் பார்த்து, மரியாதையாகச் சொல்லுங்கள். ஒரு தொடர்மாடியில் பொங்கலன்று மத்தியானம் படியிறங்கி வந்தேன், குப்பை வாளிக்கு மேலே முடிச்சுப் போட்ட சொப்பிங் பை ஒன்று கிடந்தது. உள்ளே வாழையிலைத் துண்டோடு பொங்கல், சூடு ஆறாததால் பையின் உட்பக்கம் வியர்த்திருந்தது, கஜுவை எறும்பு மொய்த்திருந்தது. தந்தவரும் அந்தப் படியால்தான் இறங்க வேண்டும்.

*கேள்வி: 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயலுக்குக் களனி ஆறு பெருகியபோது எங்கள் வாலிபர் சங்கம் வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் உலர் உணவுப் பொதிகள் கொடுத்தோம். படங்களைப் போட்டதற்குச் சிலர் ஏசுகிறார்கள். படத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் உதவினால் நல்லதுதானே?*
– வாசகர், கிராண்ட்பாஸ்

நல்லதுதான். பொதியைப் படம் எடுங்கள், கணக்கைப் போடுங்கள், லொறியையும் எடுங்கள். வாங்குகிறவருடைய முகத்தை எடுக்காதீர்கள். நேற்று வரை சொந்த அடுப்பில் சமைத்த பெண்ணை, பின்னால் சங்கத்தின் பனர் தெரிகிற மாதிரி நிற்க வைத்து, பொதியின் ஒரு பக்கத்தை அவரும் மறுபக்கத்தைத் தலைவருமாகப் பிடித்துக்கொண்டு கமெராவைப் பார்க்கச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. வலது கை செய்வதை இடது கை அறியக் கூடாது என்றவர் முகநூலுக்கு விதிவிலக்குத் தந்ததாகத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி: இப்போது போகிறீர்களா? ஜனவரி 16ஆம் திகதி புனித யோசேப்பு வாஸின் திருநாள் வந்து போனது. 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது விடியற்காலையிலேயே போய் இடம் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி. கோவாவிலிருந்து 1687இல் கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த மனிதர். பத்து வருஷம் கழித்துக் கண்டியில் அம்மை பரவியபோது ஊரார் நோயாளிகளை விட்டுவிட்டு ஓட, அவரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் அங்கேயே நின்று கழுவித் துடைத்து, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதத்தவர் என்று பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு நின்றதால்தான் அவரை இன்றைக்கும் நினைக்கிறோம்.

வெள்ளம் வடிந்த வீடுகளில் இப்போது அரிசிப் பொதிக்கு அவ்வளவு தேவையில்லை. மெத்தை காயாது. சுவர் மணக்கும். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் சேற்றோடு போயிருக்கும், பிள்ளையின் கொப்பியும் சப்பாத்தும் போயிருக்கும். சிங்களத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த இரண்டு வாலிபர்கள், கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் ஒரு குடும்பத்தோடு கூடப் போய் வரிசையில் நின்றால் அது பெரிய உதவி. வரிசையில் நிற்பது படத்தில் நன்றாக வராது, அந்தப் பிரச்சினையும் தீர்ந்தது.

*கேள்வி: பாலன் குடிலை எப்போது பிரிக்க வேண்டும்? என் கணவர் ஜனவரி 2ஆம் திகதியே பிரித்துப் பெட்டியில் போட்டுவிட்டார்.*
– வாசகி, மட்டக்குளி

கத்தோலிக்க முறைப்படி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரைக்கும் நத்தார் காலம்தான், பழைய ஆட்கள் பெப்ரவரி 2 வரைக்கும்கூட வைத்திருப்பார்கள். உங்கள் கணவருக்கு அவசரம், அடுத்த வருஷம் பிரிக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுக் குடிலில் கழுதைக்கு ஒரு காது இல்லை, ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் சுற்றித்தான் பெட்டியில் வைப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன் எண்ணிப் பார்த்தால் சூசையப்பரைக் காணவில்லை. மாசியில்தான் கண்டேன், சமையலறை ஜன்னல்படியில் உப்புப் போத்தலுக்குப் பின்னால் நிற்கிறார், யாரோ பிள்ளைகள் விளையாடிவிட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வருஷம் அவரைச் சுற்றி வைக்கவில்லை, அங்கேயே நிற்கிறார். கேட்கிறவர்களிடம் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.